சந்தனம் வைத்த டிஸ்க்குகள்

வைதேஹியின் குரல் அவள் கழுத்தில் இல்லை. மயூர் விஹாரில் இரண்டாம் மாடி வீட்டுக் கூடத்தில், பால்கனிக் கதவுக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவே, மேஜைக்கு அடியில் நிற்கும் கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது டாக்டர்கள் குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மூச்சு கழுத்தடியில் உள்ள ஒரு துளை வழியாகப் போய் வருகிறது. வாய் சாப்பிட மட்டும். மூக்கு அழகுக்கு. துளைக்கு மேல் எப்போதும் ஈரத்துணி தொங்க வேண்டும், குளிக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது, காலையும் மாலையும் சுற்றிலும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இதையெல்லாம் வைதேஹி பல் தேய்ப்பதைப் போலச் செய்து முடித்தாள். பார்க்க வந்தவர்கள் கண் கலங்கினால் டிஷ்யூ டப்பாவை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அவள் முதலில் செய்த காரியம், பரணிலிருந்து ரஜாயை இறக்கச் சொன்னது. ஜூன் மாதம். ஊரே வறுபட்டுக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் குளிர்காலத்துப் பஞ்சுப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மடியில் மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டில்லியில் சத்தமில்லாத இடம் வேறெங்கே கிடைக்கும்? கீழே ஆட்டோ, மேலே கூலர், எதிர் வீட்டில் பிரஷர் குக்கர். ரஜாய்க்குள் எதுவும் வரவில்லை. இருட்டு, அந்துருண்டை வாசனை, தன் மூச்சின் சூடு. கடலுக்கடியில் போய் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"சஹஸ்ரநாமத்தைப் பதிஞ்சு வெச்சுடேன்" என்றார் வெளியே விசிறியோடு உட்கார்ந்திருந்த ஜகந்நாதன். அவள் கணவர். கணக்காயத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர்.

"அதைச் சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்கா. ரசத்துல உப்பு போறலைன்னு நான்தானே சொல்லணும்?" என்றது ரஜாய்.

அப்படியே பதிந்தாள். உப்பு போறலை. காபி ஆறிப்போச்சு. யாரு, இதோ வரேன். பின்னே யாரு? வெளிலே போறச்சே மஃப்ளரைச் சுத்திக்கோங்கோ. காய்கறிக்காரனுக்கு இந்தியில், இவ்வளவு விலையா என்று: இத்னா மெஹங்கா? ஆட்டோக்காரனுக்கு, ஓரமாக நிறுத்த: பையா, சைட் மே ரோக்கோ. சட்டென்று பின்னால் திரும்ப: பையா, பீச்சே! ஜல்தி! சிரிப்பு ஒன்று. பெருமூச்சு ஒன்று. பதிந்து பதிந்து குரல் கரகரத்துப் போனதும் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

கடைசியில் ஒன்று மீதமிருந்தது. ஜகந்நாதன் காபிப்பொடி வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போன சமயம் பார்த்து, ரஜாய்க்குள் நுழைந்து, அவர் பெயரைச் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாய் தொடாத பெயர். "ஏன்னா" என்ற மூன்று எழுத்திலேயே ஒரு குடும்பத்தை நடத்தியவள். ஆனால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கிடந்தால், ஆஸ்பத்திரியில் ஆளைக் காணாவிட்டால், "ஏன்னா" உதவாது. முதல் தடவை சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது. அழித்துவிட்டு இன்னொரு தடவை, உரக்க, திருவிழாக் கூட்டத்தில் கூப்பிடுவதைப் போலச் சொன்னாள். பதிந்த ஒவ்வொன்றுக்கும் டாப்லெட்டில் ஒரு பொத்தான்; அமுக்கினால் பெட்டியிலிருந்து குரல் வரும். இதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் வைத்து, "ஆபத்து" என்று எழுதினாள். அவருக்குச் சொல்லவில்லை.

இந்த வேலையெல்லாம் அவளுக்குக் கைவந்தது. மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, ஒரு அரசாங்க அலுவலகத்தில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவள், மெஷின் அறையின் குளிருக்கு ஆசைப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டாள். இலவசமாகக் கிடைக்கிறதென்று அலுவலகம் லினக்ஸுக்கு மாறியபோது புத்தகத்தைப் படித்து அதைக் கற்றுக்கொண்டது அவள் ஒருத்திதான். கரண்ட் போய் வந்தால் சர்வர்களை எழுப்புவது அவள் பொறுப்பாயிற்று. அவற்றை எழுப்புவது அவளுக்குப் பிடிக்கும். கறுப்புத் திரையில் வரி வரியாக எழுத்துகள் ஏறும். நினைவகம் இருக்கிறதா, இருக்கிறது. கடிகாரம் இருக்கிறதா, இருக்கிறது. டிஸ்க்குகள் எங்கே, இதோ. தூங்கி எழுந்த உடம்பு கை கால்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்ப்பதைப் போல. மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் அவள் நின்று அதைப் பார்ப்பாள்.

வீட்டுப் பெட்டியையும் அவள்தான் கட்டினாள். அதில் கம்ப்யூட்டர் ஓடுவதற்கு ஒரு சின்ன டிஸ்க், சேமித்து வைக்க இரண்டு பெரிய டிஸ்க். அந்த இரண்டும் ஜோடி. எதை எழுதினாலும் இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது வைத்திருக்கும். ரெய்டு என்று அதற்குப் பெயர். "அந்த வார்த்தையை மாடிப்படியிலே நின்னுண்டு சொல்லாதே, நம்மாத்துக்கு இன்கம்டாக்ஸ் வந்துடுத்துன்னு நினைச்சுப்பா" என்பார் ஜகந்நாதன். சில வருஷங்களுக்கு முன் ஜோடியில் ஒன்று திக்கத் தொடங்கியது. அதைக் கழற்றிவிட்டு, அதே கம்பெனியில் அதே மாதிரி ஒன்றை வாங்கிப் பொருத்தினாள். கழற்றியதைத் தூக்கிப் போட மனமில்லாமல் அல்ல, நேரமில்லாமல், பீரோவில் போட்டாள்.

குரலுக்கு வெளியே தனியாக ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? அதற்காக எத்தனை அதிகாரிகளை ஏசியிருக்கிறாள். ஆபரேஷன் வந்தது, பிறகு ரேடியேஷன், பிறகு எதைப் பார்த்தாலும் தூக்கம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று போயிற்று.

இப்படி இருக்கும்போது நவராத்திரி வந்தது.

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் மருந்து மயக்கத்தில் அவள் தூங்கி எழுந்து கூடத்துக்கு வந்தால், பூஜை அலமாரி முன்னால் தாம்பாளம். அதில் பட்டுத் துணி. அதன்மேல் பகவத் கீதை, பேனா, ஜகந்நாதனின் மொபைல், கத்தரிக்கோல், அப்புறம் மூன்று டிஸ்க்குகள் வரிசையாக. மூன்றின் முகத்திலும் லேபிள் தெரியாமல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம்.

வைதேஹி மாஜிக் ஸ்லேட்டை எடுத்தாள். குழந்தைகள் எழுதி அழிக்கும் பிளாஸ்டிக் ஸ்லேட். டாப்லெட் கையில் இல்லாதபோது அதுதான் அவள் வாய். *என்ன இது?*

"பெட்டிக்குப் பொட்டு வெச்சா போறாதான்னு நீ கேப்பே" என்றார் ஜகந்நாதன். "நாக்குலதான் சரஸ்வதி இருக்கான்னு சொல்றது. உன் நாக்கு இந்த வருஷம் இதுக்குள்ளேன்னா இருக்கு? அதான் வெளியிலேயே எடுத்து வெச்சேன். நீ கழட்டறதை எத்தனை தரம் பார்த்திருக்கேன், ஸ்க்ரூ எல்லாம் பத்திரமா டப்பியிலே இருக்கு. பீரோவிலே இருந்த பழசையும் வெச்சேன். அதுவும் இந்த ஆத்திலே உழைச்சதுதானே."

அவளுக்குக் கோபப்பட வேண்டும்போல் இருந்தது. ஸ்லேட்டில் கோபப்படுவது சிரமம். எழுதி முடிப்பதற்குள் ஆறிவிடும். பெரிய எழுத்தில் இவ்வளவுதான் எழுதினாள்: *திருப்பி நான் வைப்பேன். நீங்கள் தொடாதீர்கள்.*

"அச்சா, அச்சா" என்றார்.

ஆனால் மறுநாள் விஜயதசமி காலையில் அவள் குளிக்கப் போனாள். குளிப்பது அவளுக்கு இப்போது நீண்ட வேலை, கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு. ஜகந்நாதன் புனர்பூஜை செய்து, வழக்கப்படி தாம்பாளத்தை வடக்கே கொஞ்சம் நகர்த்தினார். நகர்த்தினால்தான் பூஜையில் வைத்ததை எடுக்கலாம். எடுத்தார். நல்ல நாளில் அவள் குரலோடு வெளியே வரட்டுமே என்று இரண்டைப் பெட்டியில் பொருத்தினார். பழையது வரிசையில் வலது ஓரம் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதைத் தூக்கிப் போட வேண்டும் என்று அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். தீபாவளிக்கு முன்னால் வீட்டை ஒழிக்கிற காலம். கீழே கபாடிவாலா பழைய பேப்பர் கேட்டு வந்தான். பேப்பர் கட்டோடு அதையும் கொடுத்தனுப்பினார்.

வைதேஹி குளித்து வந்து டாப்லெட்டை எடுத்து, "காபி" பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் பேசவில்லை. "யாரு" பொத்தான். ஒன்றும் இல்லை. பெட்டி பக்கம் திரும்பினாள். அதன் விளக்கு எரிந்தது. ஜகந்நாதன் பக்கத்தில், பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தை முகத்தோடு நின்றிருந்தார்.

"பொருத்திட்டேன். இப்ப வந்துடும்."

அவள் மானிட்டரைப் போட்டு, பெட்டியை அணைத்து எழுப்பினாள். எழுத்துகள் ஏறின. ஓகே, ஓகே என்று பச்சையில் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. ஜோடி டிஸ்க் வரும் என்று பெட்டி காத்திருந்தது. சிவப்பு நட்சத்திரம் ஒன்று ஒரே வரியில் இடமும் வலமுமாக ஊஞ்சலாடியது. அக்டோபர் வெளிச்சம் பால்கனி வழியாக மஞ்சளாக வந்து தரையில் கிடந்தது. ராம்லீலா மைதானத்தில் யாரோ மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் ஆடியது. அவளும் அதோடு ஆடினாள். ரேடியேஷனுக்குப் பிறகு காத்திருக்கும் நேரமெல்லாம் அவளுக்கு அரைத் தூக்கமாகிவிடுகிறது. ரஜாய் தலைமேல் இறங்கியது. உள்ளே யாரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யார் என்று பார்க்கக் கையை நீட்டும்போது திரை மாறியது. மேற்கொண்டு போக முடியவில்லை, வந்து பார், என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டு நின்றது.

அவள் போன் அடித்தது. வீடியோவில் அவள் தங்கை சுபாஷிணியின் மகன் அஷ்வத். குருகிராமில் ஒரு கம்பெனியில் இதே வேலை.

"பெரியம்மா, ஹாப்பி தசரா! அரே, பின்னாடி கறுப்பு ஸ்க்ரீன் தெரியறதே. க்யா ஹுவா, என்னாச்சு?"

அவள் போனில் தட்டினாள்: *ஜோடி எழும்பவில்லை.*

"உங்க வாய்ஸ் அதிலேதானே இருக்கு? காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

*அடுத்த வாரம் எடுக்க இருந்தேன்.*

"பெரியம்மா..." என்றான் அஷ்வத், பிறகு அந்தப் பேச்சை விட்டான். "டென்ஷன் வேண்டாம். ஃபோர்ஸ் பண்ணி எழுப்புங்க. அவ்வளவுதான், வந்துடும். வரலேன்னா திருப்பி க்ரியேட் பண்ணிடலாம், நான் சொல்றேன்."

*மயங்கிக் கிடக்கிறவன் வாயில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாய்.*

"நஹீன், பெரியம்மா..."

*முதலில் நாடி பார்க்கணும். நீ சும்மா இரு.*

ஜகந்நாதன் பிரசாதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் கீபோர்டை இழுத்து, என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். எதையும் மாற்றாத கேள்விகள். ஜோடி தூங்குகிறது என்று பதில் வந்தது. கண்ணுக்குத் தெரிவது ஒரு டிஸ்க்தான். இன்னொன்று இருப்பதாகவே பெட்டிக்குத் தெரியவில்லை. துணை இல்லாமல் தனியாகக் கிளம்பாதே என்று முன்பு அவளே அதற்கு எழுதி வைத்திருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருந்தது.

அடுத்து, தெரிகிற டிஸ்க்கிடம் அதன் ஜாதகத்தைக் கேட்டாள். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் தலையில் குறித்து வைத்திருக்கும்: நான் எந்தக் குடும்பம், என் கூட்டாளி யார், நான் கடைசியாக எழுதப்பட்டது எப்போது. குடும்பப் பெயர் சரியாக இருந்தது. கடைசியாக எழுதப்பட்ட தேதியைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

அந்த டிஸ்க்கின் உலகம் சில வருஷங்களுக்கு முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. அதைப் பொறுத்தவரை அவள் இன்னும் ஆபீஸ் போகிறாள். பஸ் கண்டக்டரோடு சண்டை போடுகிறாள். சமையலறையிலிருந்து ஏன்னா ஏன்னா என்று கத்துகிறாள். அவ்வளவு குரல் இருந்த காலம், ஆகவே ஒரு சொல்கூட அதில் பதியப்படவில்லை. இருக்கும்போது யார் பதிவார்கள்?

அவள் ஸ்லேட்டை எடுத்தாள்.

*கபாடிக்கு என்ன கொடுத்தீர்கள்?*

"பழசைத்தான்."

*பழசு இங்கே இருக்கு.*

"அது எப்படி? வலது ஓரம். நான்தானே வெச்சேன். மொதல்ல ரெண்டு நல்லது, வலது ஓரம் பழசு. அப்புறம் தாம்பாளத்தை வடக்கே..." ஜகந்நாதன் இரண்டு கையாலும் காற்றில் ஒரு தாம்பாளத்தை நகர்த்திக் காட்டினார். பால்கனிக் கதவு இடித்ததால் அதைச் சுற்றித் திருப்பி நகர்த்தியது கைகளுக்கு ஞாபகம் வந்தது. கை பாதியில் நின்றது. "சுத்திடுத்து" என்றார். "வலது இடதாயிடுத்து, வைதேஹி."

போனுக்குள் அஷ்வத், "பெரியப்பா, ஃபோர்ஸ் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தான். பழையதைத் தலைவனாக்கி எழுப்பியிருந்தால் அது சொன்னதே வேதமாகி, புதியதன்மேல் எல்லாம் பழசாக எழுதப்பட்டிருக்கும். அவனே அதைப் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டான். "மாஃப் கீஜியே, பெரியம்மா" என்று சின்னக் குரலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பக்கத்திலேயே இருப்பதாகவும் கூப்பிடும்வரை பேசமாட்டேன் என்றும் சொன்னான்.

ஜகந்நாதன் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கபாடிவாலாவின் கையில் ஒரு டிஸ்க் போனால் அதைச் சுத்தியால் உடைத்து உள்ளே இருக்கும் காந்தத்தை எடுப்பான் என்பது அவருக்கும் தெரியும். தன் போனைத் தாம்பாளத்திலேயே விட்டுவிட்டார். அதன் நெற்றியில் குங்குமம் மின்னிக்கொண்டிருந்தது.

வீடு அமைதியானது.

வைதேஹி பெட்டியை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றினாள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பலகையைத் திறந்ததுமே மூக்கு சொல்லியிருக்கும். பெட்டியின் சூட்டில் சந்தனம் கமகமத்திருக்கும். அவள் மூக்கு வழியாகக் காற்றே போவதில்லை. டார்ச் அடித்துக் கண்ணால்தான் தேட வேண்டியிருந்தது. பெட்டிக்குத் தெரியாத அந்த இரண்டாவது டிஸ்க்கை வெளியே எடுத்தாள். கேபிள் செருகும் வாயில், பொன்னிறப் பற்களின்மேல், சந்தனம் காய்ந்து பாளமாக நின்றது.

குனிந்து ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. உதடு குவிந்தது, காற்று கழுத்துத் துணியை அசைத்தது. எத்தனையோ மாதமாகிவிட்டது, உதடு இன்னும் மறக்கவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு, கழுத்துச் சுத்தம் செய்யும் டப்பாவை எடுத்து வந்தாள். பஞ்சுக்குச்சி இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. கழுத்துப் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பாட்டில் நிறைய அப்படியே இருந்தது. தரையில் உட்கார்ந்து, டிஸ்க்கை மடியில் வைத்து, குச்சியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

இது அவளுக்குத் தெரிந்த வேலை. அழுத்தக் கூடாது. உள்ளிருந்து வெளியே. ஒரு குச்சி ஒரு தடவைதான். மஞ்சளாக வந்தது, பிறகு வெளிர் மஞ்சள், பிறகு ஒன்றுமில்லை. காலையில் தன் கழுத்துக்கும் இதையேதான் செய்தாள். எது தன் தொண்டை, எது இது என்று ஒரு கணம் கையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெயில் மடிக்கு நகர்ந்து வந்தது. தூசி அதில் மெல்ல இறங்கியது, யாரும் எழுப்பாத எழுத்துகளைப்போல. இதுவும் வராவிட்டால்? வராவிட்டால் ஸ்லேட். ஸ்லேட்டோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ரசத்தில் உப்பு போதவில்லை என்பதை எழுதிக் காட்டலாம். சிரிப்பை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அவள் இன்னொரு குச்சியை எடுத்தாள்.

ஸ்பிரிட் நன்றாக உலரும்வரை காத்திருந்தாள். பழைய டிஸ்க்கைக் கழற்றி, மார்க்கர் பேனாவால் அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, எட்ட வைத்தாள். துடைத்ததை மட்டும் செருகினாள். பெட்டியை எழுப்பினாள்.

எழுத்துகள் ஏறின. நட்சத்திரம் ஊஞ்சலாடியது. மறுபடி நின்றது, துணை இல்லை என்று. அது அவள் எதிர்பார்த்ததுதான். டிஸ்க்கிடம் ஜாதகம் கேட்டாள். கடைசியாக எழுதப்பட்டது: பூஜைக்காகப் பெட்டியை அணைத்த நேரம். நேற்று வரைக்கும் எல்லாம் இதற்கு ஞாபகம் இருந்தது. அவள் போனில் அஷ்வத்துக்கு அந்த வரியைக் காட்டினாள். அவன் பேசமாட்டேன் என்று சொன்னதால் பேசாமல், கை இரண்டையும் கூப்பிக் காட்டினான்.

துணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ கிளம்பு, என்று தட்டினாள்.

கிளம்பியது. விட்ட இடத்திலிருந்து வரிகள் ஓடின. ஓகே, ஓகே. மேஜைமேல் கிடந்த டாப்லெட் கண் விழித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் காட்டிற்று.

அவள் எதையும் அமுக்கவில்லை. கை அதன்மேலேயே இருந்தது. அப்போது பின்பக்கச் சந்திலிருந்து நீளமாகக் கேட்டது: "கபாடீ... ரத்தீ பேப்பர்..."

டாப்லெட்டையும் சின்ன ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். மூலை வீடு அது. பால்கனியிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும். பின் சந்தில், பூங்காவை ஒட்டி, பேப்பர் மூட்டைகளோடு கபாடிவாலாவின் ரிக்‌ஷா போய்க்கொண்டிருந்தது. முன் தெருவில், நேர் எதிர்த் திசையில், மஞ்சள் பையை வீசிக்கொண்டு ஜகந்நாதன் மெயின் ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். ஆட்டோக்கள், மாவிலைக்காரன், ஜிலேபிக் கடை முன்னால் கூட்டம். இன்னும் கொஞ்சம் போனால் திரும்பிவிடுவார்.

"ஏன்னா" பொத்தானை அமுக்கினாள். அடுக்களைக்குப் போதுமான குரல் அது. தெரு அதை விழுங்கிவிட்டது.

ஒலியை முழுசாக ஏற்றினாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"ஜகந்நாதன்!"

தெரு முழுக்கக் கேட்டது. அவளுடைய குரல், கரகரப்பில்லாமல், ஜூன் மாதத்து ரஜாயிலிருந்து நேராக எழுந்து, ஜிலேபிக் கடையைத் தாண்டிப் போயிற்று. ஜகந்நாதன் நின்றார். ஆனால் திரும்பவில்லை. தெருவில் நின்றபடி, நடந்ததை நம்பாதவரைப்போல முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜகந்நாதன்!"

இப்போது திரும்பி மேலே பார்த்தார். மேல் மாடி சோப்ராவும் எட்டிப் பார்த்தார். வைதேஹி கையை நீட்டிப் பின் சந்தைக் காட்டினாள். அவர் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், ஆட்டோக்காரர்களுக்காகப் பதிந்திருந்ததை அமுக்கினாள்: "பையா, பீச்சே! ஜல்தி!" அவர் ஓடினார்.

திரும்பி வந்தபோது பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். குங்குமம் கலையாமல் இருந்தது.

"உடைக்கலை. மூட்டைக்குள்ளேகூடப் போடலை. ஹாண்டில்ல பூ கட்டியிருக்கானே, அங்கே சொருகி வெச்சிருந்தான். பொட்டு வெச்ச சாமானைச் சுத்தியாலே அடிக்கலாமா பாபுஜி, இது எந்த பகவான்னு கேக்கத்தான் நாளைக்கு வரலாம்னு இருந்தேன், என்கிறான்." நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "கூப்பிட்டது நீயா?"

வைதேஹி பொத்தானை அமுக்கினாள். "பின்னே யாரு?"

"எப்போ பதிஞ்சே?"

*நீங்கள் காபிப்பொடி வாங்கப் போனபோது.*

"சோப்ரா கேக்கறார், ஜகந்நாதன் ஜி, பாபிஜி உங்களைத் திட்றாளான்னு." அவர் முகத்தில் என்னவோ ஓடியது. "என்ன இருந்தாலும், நடுத்தெருவிலே பேரைச் சொல்லி..."

*ஏன்னா என்று கூப்பிட்டால் மயூர் விஹாரில் பாதித் தமிழன் திரும்புவான்.*

அவர் சிரித்தார். பிறகு மேஜையில் கிடந்த டாப்லெட்டைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தரம் அமுக்கேன்" என்றார்.

*ஆபத்துக்கு மட்டும்* என்று எழுதிக் காட்டிவிட்டு, அவள் பஞ்சுக்குச்சியை எடுத்தாள்.

வந்த டிஸ்க்கையும் துடைத்து, உலரவைத்து, பெட்டியில் செருகி, ஜோடியில் சேர்த்தாள். பக்கத்திலிருந்தது தன்னிடம் இருந்ததையெல்லாம் இதற்குத் திருப்பிச் சொல்லத் தொடங்கியது. திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல வளர்ந்தது. கையோடு அஷ்வத்துக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: *ஞாயிற்றுக்கிழமை வரும்போது வெளியில் செருகும் டிஸ்க் ஒன்று வாங்கி வா. பிரதி உன் வீட்டில் இருக்கட்டும்.* உடனே பதில் வந்தது: *ஜீ ஹுசூர், உத்தரவு.*

பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தாள். இளம் சூடு. உள்ளே இரண்டும் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தன. அந்த முனகலில் படுத்துக்கொண்டாள்.

ரஜாய் வந்து தலையை மூடியது. அந்துருண்டை வாசனைகூட வந்தது. கனவில் மூக்கு வேலை செய்கிறது. உள்ளே பேசிக்கொண்டிருந்தது அவள்தான். என்ன பேசினாள் என்று விளங்கவில்லை, நிறுத்தாமல் பேசினாள், மூச்சு வாங்காமல், எந்தப் பொத்தானும் இல்லாமல். ரஜாய்க்கு வெளியே யாரோ பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. தூரத்தில், தசராவுக்குக் கொளுத்தும் முதல் ராவணன் வெடிக்கத் தொடங்கியிருந்தான். திரையில் கோடு முழுசாகியிருந்தது. இரண்டும் இருக்கின்றன என்றது பெட்டி. அதைப் படித்துச் சரிபார்த்துவிட்டு, கழுத்துத் துணியை நனைத்து மாற்றிக்கொண்டு எழுந்தாள். மேஜைமேல் டாப்லெட்டைக் காணோம்.

பால்கனியில் ஜகந்நாதன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒலியைக் குறைத்து, கிட்டத்தட்ட காதோடு வைத்திருந்தார்.

"ஜகந்நாதன்" என்றது அவள் குரல், ரகசியம் சொல்வதைப்போல.

வைதேஹி சத்தமில்லாமல் திரும்பிச் சமையலறைக்குப் போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் இன்னும் ஒரு தடவை கேட்டது.